கொழும்பு வீட்டுப் புற்றரைக்கு எந்தக் கன்ட்ரோலர்: சாதாரண டைமரா, ஸ்மார்ட்டா?

1961 முதல் 1990 வரையான சராசரிக் கணக்கில் கொழும்புக்கு ஜனவரியில் 58 மி.மீ. மழை, பெப்ரவரியில் 73. அதே ஊருக்கு மே மாதம் 392, நவம்பரில் 414. ஆண்டு முழுவதும் கூட்டினால் 2,500 மி.மீ.யைத் தாண்டும். புற்றரைக்கு நாம் தண்ணீர் கொடுக்க வேண்டிய காலம் தைப்பொங்கல் கழிந்து சித்திரைப் புதுவருடம் வரை. பிறகு ஜூலை, ஓகஸ்டில் மழை பொய்க்கும் சில வாரங்கள். கன்ட்ரோலர் என்பது தெளிப்புக் குழாய்களின் வால்வுகளைக் குறித்த நேரத்தில் தானாகத் திறந்து மூடும் பெட்டி. மீதி மாதங்களில் அது செய்ய வேண்டிய நல்ல வேலை, வால்வைத் திறக்காமல் சும்மா இருப்பது.

வெளிநாட்டு விளம்பரங்கள் வறண்ட ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கொழும்பில் கேள்வி வேறு: மழை பெய்தது இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியவரும்? சாதாரண டைமரோடு ஒரு மழை சென்சரைப் பூட்டினால் இங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். இன்டர்நெட்டோடு இணைந்து போன் செயலியில் இயங்கும் ஸ்மார்ட் பெட்டி தேவைப்படும் வீடுகளும் உண்டு, ஆனால் கடைக்காரர் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

முதலில் தண்ணீரைக் கணக்கிடுங்கள்

ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர். வீட்டு முன்புறத்தில் 4 பேர்ச் புல் இருந்தால் ஏறத்தாழ 100 சதுர மீற்றர். அதன்மேல் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 100 லீற்றர். பெப்ரவரி வெயிலில் இந்தப் புல்லுக்கு நாளொன்றுக்கு 3 மி.மீ. சொச்சம் போதும், வாரத்துக்கு 22 மி.மீ. என்று வையுங்கள். அது 2,200 லீற்றர், நீர் பில்லில் 2.2 யுனிட். நீர் வழங்கல் சபையின் கட்டணம் படிப்படியாக ஏறும் வகை என்பதால், தோட்டத்துக்குப் போகும் யுனிட்டுகள் எப்போதும் உங்கள் பில்லின் விலைகூடிய படியில்தான் போய் விழும். கிணற்று நீர் என்றால் பில் இல்லை, மின்சாரம் மட்டும். ஆனால் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலை ஒட்டிய கிணறுகளில் உப்பு ஏறியிருக்கலாம்; வாயில் வைத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து ஓட்டத்தை அளவிடுங்கள். 10 லீற்றர் வாளி 20 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லீற்றர். அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு 24 லீற்றரை மட்டும் நம்புங்கள். 15 அடி வீசும் அரைவட்ட ஸ்பிரே தலை ஒன்று நிமிடத்துக்கு சுமார் 7 லீற்றர் எடுக்கும்; கால்வட்டம் 3.5, முழுவட்டம் 14. ஆகவே ஒரே நேரத்தில் மூன்று அரைவட்டத் தலைகள். ஒரே வால்வில் சேர்ந்து ஓடும் தலைகளை ஒரு வலயம் என்பார்கள். புற்றரைக்கு ஒன்பது தலை வேண்டுமென்றால் மூன்று வலயம், மூன்று வால்வு. வாங்க வேண்டிய பெட்டி 4 ஸ்டேஷன், அதாவது நான்கு வலயம் வரை இயக்கும் வகை, என்று இப்போது முடிவாகிவிட்டது. அது ஸ்மார்ட்டோ சாதாரணமோ, இந்த எண் மாறாது. நிழலில் கிடக்கும் புல்லையும் வெயிலில் கிடக்கும் புல்லையும் ஒரே வலயத்தில் போடாதீர்கள்.

அழுத்தம் இல்லாவிட்டால் பெட்டியால் பயனில்லை

மொட்டைமாடித் தாங்கி நிலத்திலிருந்து 6 மீற்றர் உயரத்தில் இருந்தால் கீழே கிடைப்பது 0.6 பார். ஸ்பிரே தலைக்கு ஏறத்தாழ 2 பார் வேண்டும், சுழலும் ரொட்டேற்றர் தலைக்கு 2.8 பார். 24 வோல்ற் டயபிரம் வால்வு (உள்ளே ரப்பர் தகடு தண்ணீரை அடைக்கும் வகை) ஒழுங்காகத் திறந்து மூடவே பெரும்பாலும் 1 பாருக்கு மேல் கேட்கும். தாங்கித் தண்ணீரில் நேரடியாக வால்வைப் பூட்டிவிட்டு, “வால்வு மூடவே மாட்டேன் என்கிறது” என்று கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்க வருபவர்கள் நிறையப் பேர். பெட்டியில் குற்றமில்லை. மேலே அழுத்தம் இல்லாததால் டயபிரம் இருக்கையில் போய் உட்கார முடியவில்லை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, நிலத்தடித் தாங்கியிலிருந்து பம்ப் போடுவது. நீர் சபைக் குழாயிலேயே நேராகப் பம்ப் வைத்து இழுக்கக் கூடாது. இடையில் தாங்கி இருந்தே ஆகவேண்டும். மற்றது, புல் 2 பேர்ச்சுக்குள் என்றால், குழாய் வாயில் திருகும் பற்றரி டைமர். அதில் பந்து வால்வு உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். சிறு மோட்டார் பந்தைத் திருப்புவதால் அழுத்தமே இல்லாத தாங்கித் தண்ணீரிலும் அது வேலை செய்யும். தோற்றத்தில் அதே போல இருக்கும் மலிவான சொலினொயிட் (மின்காந்தச் சுருள்) வகை வேலை செய்யாது. துளைக் குழாயையோ குறைந்த அழுத்தத்தில் சுழலும் சிறு தலையையோ இதனோடு இணைத்தால் சின்ன முற்றத்துக்கு வேறொன்றும் வேண்டாம். இந்த அளவுக்கு ஸ்மார்ட் பெட்டி வாங்குவது வீண் செலவு.

சாதாரண டைமர்: எங்கே சறுக்கும்

ஹண்டர் எக்ஸ்-கோர், ரெயின் பேர்ட் போன்றவற்றின் வழக்கமான வீட்டுப் பெட்டிகளில் பொதுவாக மூன்று புரோகிராம்களும், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரையான தொடக்க நேரங்களும் இருக்கும். வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை இந்த இடத்தில்தான். மூன்று வலயம் இருக்கிறதே என்று மூன்று தொடக்க நேரம் வைத்துவிடுவார்கள்: 4.30, 4.45, 5.00. தொடக்க நேரம் என்பது வலயத்துக்குரியது இல்லை, முழுப் புரோகிராமுக்கும் உரியது. ஒன்று போதும், முதல் வலயம் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும். மூன்று நேரம் வைத்தால் முழுச் சுற்றும் மூன்று தடவை ஓடும், தண்ணீர் மூன்று மடங்கு போகும். புரோகிராம் பி, சி இரண்டிலும் தொடக்க நேரங்கள் எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். தெரியாமல் விழுந்த ஒரு நேரம் அங்கே ஒளிந்திருந்தால், மத்தியானம் ஸ்பிரே கிளம்பி வாசலில் நிற்பவரை நனைக்கும்போதுதான் தெரியவரும்.

இரண்டாவது சறுக்கல் மின்சாரம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டது. புல்லுக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாதம் பார்த்து வந்த குரங்கு! இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் புரோகிராமை மின்சாரம் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும். ஆனால் மணிக்கூடு ஓட நாணய வடிவப் பற்றரியோ 9 வோல்ற் பற்றரியோ வேண்டும். அது செத்திருந்தால் மின்சாரம் திரும்பியதும் மணி 12.00இலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும், பின்னேரம் 4 மணிக்கு “விடியற்காலை” நீர்ப்பாசனம் நடக்கும். பழைய மலிவுப் பெட்டிகள் சில புரோகிராமையே மறந்து, எல்லா வலயத்துக்கும் தினமும் 10 நிமிடம் என்று தொழிற்சாலை அமைப்புக்குப் போய்விடும். வாங்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இவை தவிர, சாதாரண டைமரில் நல்ல வசதி ஒன்று உண்டு, பலர் தொடுவதே இல்லை: பருவச் சரிசெய்தல் சதவீதம். பெப்ரவரிக்கு 100 என்று நிமிடங்களை வைத்துவிட்டு, ஜூலையில் 60, டிசெம்பரில் 40 என்று ஒரே பொத்தானில் இறக்கலாம். மேயிலும், ஒக்டோபர் நவம்பரிலும் டயலை ‘ஓஃப்’ பக்கம் திருப்பி வைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

மழை சென்சர்: சின்னச் சாமான், பெரிய வேலை

உள்ளே ஈரம் பட்டால் ஊதும் வட்டத் தகடுகள். ஊதினால் சுவிட்ச் திறந்து வால்வுகளுக்குப் போகும் மின்னோட்டம் அறுபடும். காய்ந்தால் திரும்ப இணையும். இன்டர்நெட், செயலி எதுவும் வேண்டாம். இந்தத் தகட்டு வகையையே வாங்குங்கள். கோப்பையில் மழைநீரைத் தேக்கி அளக்கும் வகை கொழும்புக்கு ஆகாது: அது நுளம்புத் தொட்டில். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வரும்போது “அது சென்சர்” என்று சொல்லித் தப்ப முடியாது.

பூட்டும் இடம்: மழையும் வெயிலும் நேராகப் படவேண்டும். கூரைத் தாழ்வாரத்துக்குள்ளும், தென்னோலைக்குக் கீழும் வேண்டாம். ஸ்பிரே தண்ணீர் எட்டும் உயரத்தில் வைத்தால் தன் தண்ணீரைத் தானே மழை என்று எண்ணி நின்றுவிடும். மழை அளவை 6 மி.மீ. அண்டை வையுங்கள். காற்றுத் துளை வளையத்தைக் கடலோர மணல் நிலத்தில் முழுவதும் திறந்துவிடுங்கள். இராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கம் சதுப்பை நிரப்பிய களித்தரையில் பாதி மூடுங்கள், அங்கே மண் மெதுவாகவே காயும்.

வயரிங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. கன்ட்ரோலரின் சென்சர் முனைகள் இரண்டுக்கும் நடுவில் தொழிற்சாலையிலிருந்தே ஒரு சிறு இணைப்புக் கம்பி வந்திருக்கும். அதைக் கழற்றாமல் சென்சர் வயர்களைப் பூட்டினால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், மழை கொட்டினாலும் தண்ணீர் ஓடும். சோதிப்பது சுலபம்: ஒரு வலயம் ஓடும்போது சென்சரின் உச்சியை விரலால் அழுத்துங்கள். சில வினாடியில் தண்ணீர் நிற்கவேண்டும்.

ஸ்மார்ட் பெட்டி எப்போது காசுக்குப் பெறுமதி

வானிலையைப் பார்த்துத் தானே நேரம் கூட்டிக் குறைக்கும் என்பதே முதல் விளம்பரம். கொழும்பில் அந்த வாக்குறுதி பாதிதான் செல்லும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழை ஒரு தெருவில் கொட்டி அடுத்த தெருவைக் காயவிடும். செயலி பார்க்கும் தரவு கொழும்பு 7 வானிலை நிலையத்திலிருந்தோ, இரத்மலானையிலிருந்தோ, கணினி மாதிரியிலிருந்தோ வரலாம். நுகேகொடையில் பெய்தது அதற்குத் தெரியாமல் போகும், பெய்யாததும் பெய்ததாகக் கணக்கில் ஏறும். ஆகவே ஸ்மார்ட் வாங்கினாலும் மழை சென்சரை விடாதீர்கள்.

உண்மையில் ஸ்மார்ட் கைகொடுக்கும் வீடுகள் மூன்று வகை. முதலாவது, ஆளில்லாத வீடு: குடும்பம் டொரொன்டோவிலோ இலண்டனிலோ இருக்க, வாரம் இருமுறை ஒருவர் வந்து போகும் வீடு. இரண்டாவது, ஆறு வலயத்துக்கு மேல் போகும் தோட்டம். புல், செடிவேலி, சாடிகள் என்று மூன்று விதமான தேவை இருக்கும்போது ஒரு சின்னத் திரையில் பொத்தானை அழுத்தி அழுத்தி மாற்றுவது பெரிய தொல்லை. மூன்றாவதுதான் மிக வலுவான காரணம்: ஓட்ட மானி, அதாவது குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் கருவி. வால்வில் மண் துகள் சிக்கி மூடாமல் நின்று, தானியங்கி அழுத்தப் பம்பும் நிற்காமல் ஓடினால், நிமிடத்துக்கு 30 லீற்றர் வீதம் ஆறு மணித்தியாலத்தில் 10,800 லீற்றர், அதாவது கிட்டத்தட்ட 11 யுனிட். ஓட்ட மானி பூட்டிய ஸ்மார்ட் பெட்டி சில நிமிடத்தில் இதைக் கண்டு, எல்லா வலயத்துக்கும் முன்னால் பூட்டிய தலைமை வால்வை மூடி, போனுக்கும் செய்தி அனுப்பும். மானியும் தலைமை வால்வும் இல்லாமல் ஸ்மார்ட் பெட்டியை மட்டும் வாங்குபவர் அதன் சிறந்த பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

தலைமை வால்வு சாதாரண டைமரிலும் பூட்டலாம். இரண்டு வால்வு ஒரே நாளில் சிக்குவது அரிது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை: இன்டர்நெட் போனால் அட்டவணை பெட்டிக்குள்ளேயே இருந்து ஓடுமா, எத்தனை நாளுக்கு? போன் இல்லாமல் பெட்டியில் கையால் ஒரு வலயத்தை ஓடவைக்க முடியுமா? வீட்டு வேலைக்கு வருபவரிடம் உங்கள் செயலி இருக்காது. கணக்குத் திறக்கும்போது இலங்கை முகவரியை ஏற்குமா? மாதச் சந்தா இல்லாமல் எவையெல்லாம் வேலை செய்யும்? ஹண்டரின் ஸ்மார்ட் வரிசையான ஹைட்ரவைஸ் வகை சர்வதேச 230 வோல்ற் மாதிரிகளிலும் வருகிறது. நிறுவனத்தின் சேவரையே நம்பியிருக்க விரும்பாதவர்களுக்கு ஓபன்ஸ்பிரிங்ளர் என்ற திறந்தமூலப் பெட்டி உண்டு. வீட்டு வலையமைப்புக்குள்ளேயே ஓடும், ஆனால் அமைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கனடாவிலிருந்து உறவினர் சூட்கேஸில் கொண்டுவரும் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதனோடு வரும் ட்ரான்ஸ்போமர் 120 வோல்ற் வகை. மாற்று முனை போட்டு நம் 230 வோல்ற்றில் செருகினால் புகை வரும். வெளியே தனி அடாப்டர் உள்ள பெட்டி என்றால், 230இலிருந்து 24 வோல்ற் ஏசி, 1 அம்பியர் தரும் ட்ரான்ஸ்போமரை முதலாம் குறுக்குத் தெருவில் தேடிப் பார்க்கலாம். 24 வோல்ற் டிசி அடாப்டரைத் தந்து “இதுவும் அதேதான்” என்பார்கள், வாங்காதீர்கள்.

பம்பைச் சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் செருகுவதும் இப்போது பரவுகிறது. அரைக் குதிரைவலுப் பம்ப் ஓடும்போது சில அம்பியர்தான், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். பிளக்கின் ரிலே (உள்ளே உள்ள மின்சுவிட்ச்) ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காது. செய்வதானால் நடுவில் கொன்டாக்டர் (பெரிய மின்னோட்டம் தாங்கும் ரிலே) ஒன்றைப் போடுங்கள்.

பூட்டும் முறை

இரண்டு வகைக்கும் வயரிங் ஒன்றே. பழைய டைமரைக் கழற்றி ஸ்மார்ட் பூட்டுகிறீர்கள் என்றால் முதலில் வயர்களைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

1. மெயினை அணையுங்கள். பெட்டிக்கு இடம் பாருங்கள்: மேற்குச் சுவர் வெயில் வேண்டாம், கல்கிசை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்று நேராக அடிக்கும் சுவரும் வேண்டாம். முனைகளில் பச்சை பூத்துவிடும். வெளிப்பெட்டி என்று எழுதியிராவிட்டால் கூரைக்குள் வையுங்கள்.

2. எல்லா வால்வுகளின் ஒரு வயரையும் சேர்த்துப் பொது முனைக்கு. மற்ற வயர் ஒவ்வொன்றும் தன் எண் முனைக்கு. வால்வுச் சுருள் 24 வோல்ற் ஏசி வகைதானா என்று அதன்மேல் படித்துப் பாருங்கள். பற்றரிப் பெட்டிகளுக்கான 9 வோல்ற் டிசி சுருள் இந்தப் பெட்டிக்குச் சரிவராது, இங்குள்ளது அங்கும் சரிவராது.

3. மண்ணுக்குள் போகும் மூட்டுகளுக்குப் பசை நிரப்பிய நீர்புகா இணைப்பி. இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்காலம் தாங்காது.

4. பம்ப் இருந்தால், கன்ட்ரோலரின் பம்ப் முனை தருவது 24 வோல்ற் சைகை மட்டுமே. அது ஒரு ரிலேயை இயக்க, ரிலே பம்பை இயக்கவேண்டும். ரிலேயைக் கன்ட்ரோலரிலிருந்து சில மீற்றர் தள்ளி வையுங்கள். தாங்கியின் மிதவைச் சுவிட்சை ரிலேயின் சுருளோடு தொடராகப் போட்டால், நீர் வெட்டு நாளில் பம்ப் வறண்டு ஓடி எரியாது. இந்த 230 வோல்ற் பக்க வேலையை இலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள், ட்ரிப் சுவிட்ச் வழியாகவே எடுக்கச் சொல்லுங்கள்.

5. ஒவ்வொரு வலயத்தையும் மல்டிமீற்றரால் அளவிடுங்கள். பொதுமுனைக்கும் வலய வயருக்கும் நடுவில் 20 முதல் 60 ஓம் என்றால் நலம். முடிவிலி காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. ஒற்றை இலக்கம் என்றால் சுருள் எரிந்திருக்கிறது அல்லது வயர் ஒன்றோடொன்று தொடுகிறது.

6. வயர் நுழையும் துளைகளை சிலிக்கன் வைத்து அடையுங்கள். பல்லியும் எறும்பும் சூடான பெட்டியைத் தேடி வரும். சர்க்கிட் போர்டில் முட்டையிட்ட பல்லிக்கு உத்தரவாதச் சீட்டு பொருந்தாது.

7. திடீர் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் பாதுகாப்பி (சேர்ஜ் புரொடெக்டர்) ஒன்றை மின்பக்கத்தில் போடுங்கள். ஏப்ரல், ஒக்டோபர் இடிமின்னலில் முதலில் போவது இந்தப் பெட்டிகள். ஸ்மார்ட் பெட்டி போனால் நட்டம் பெரிது.

ஸ்மார்ட் என்றால் இத்தோடு வை-ஃபை. இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டரில் அமைப்பு பாதியில் நின்றுவிடும். 5 கிகாஹேர்ட்ஸைத் தற்காலிகமாக அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பெட்டி மாட்டப் போகும் இடத்தில் போனைப் பிடித்து சிக்னல் பாருங்கள், துளையிடுவதற்கு முன்.

நிமிடங்களை எப்படி வைப்பது

டின் மீன் வந்த வெற்றுத் தகரங்கள் பத்தை, நேர்ப்பக்கம் உள்ளவையாகப் பார்த்து, ஒரு வலயத்தில் பரப்பி வைத்து 15 நிமிடம் ஓட்டுங்கள். அளவுகோலால் ஒவ்வொன்றின் ஆழத்தையும் மி.மீ.யில் அளந்து சராசரி எடுத்து நான்கால் பெருக்கினால் மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று வரும். ஸ்பிரே தலைக்கு 40 அண்டை, ரொட்டேற்றருக்கு 10 அண்டை எதிர்பார்க்கலாம். ஒரு தகரம் நிறைந்தும் மற்றது காய்ந்தும் இருந்தால் தலைகளின் இடைவெளி பிழை. எந்தக் கன்ட்ரோலரும் அதைத் திருத்தாது.

வாரத்துக்கு 22 மி.மீ.யை மூன்று நாளாகப் பிரித்தால் ஒவ்வொரு தடவைக்கும் 7.3. ஸ்பிரேக்கு 11 நிமிடம், ரொட்டேற்றருக்கு 44. களித்தரையில் ஸ்பிரேயை 6, 5 என்று இரண்டாக உடைத்து நடுவில் அரை மணித்தியாலம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கானுக்கு ஓடும். தொடக்க நேரம் விடியற்காலை 4.30. இரவில் ஓடினால் இலை நனைந்தபடி கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். கொழும்பின் ஈரக் காற்றில் இது சீக்கிரம் பரவும். மலேசியன் புல் ஆழமாக வேர்விடாது, அதனால் நாட்களைக் குறைத்து நிமிடத்தைக் கூட்டும் வித்தை அதற்கு அவ்வளவாக உதவாது. அருகம்புல் என்றால் வாரம் இரண்டு நாளே போதும்.

ஸ்மார்ட் செயலியில், தகரங்களில் அளந்த மணித்தியால மி.மீ. அளவைத் தலையின் வீதமாகக் கொடுங்கள். அது தானாக ஊகித்த எண்ணை விட்டுவைத்தால் மற்றக் கணக்கெல்லாம் பிழைக்கும். மழை பெய்தால் தவிர்க்கும் எல்லையை 5 மி.மீ. ஆக வையுங்கள். முன்னறிவிப்பைப் பார்த்துத் தவிர்ப்பதை ஜனவரி முதல் மார்ச் வரை அணைத்துவிடுங்கள்: வருவதாகச் சொல்லிய மழை வராமல் நான்கு நாள் தொடர்ந்தால் மணல் நிலத்துப் புல் நீலம் பாய்ந்து சுருளத் தொடங்கும். உறைபனித் தவிர்ப்பு என்று ஒன்று இருக்கும். கொழும்பில் அதற்கு வேலையில்லை.

அடிக்கடி வரும் கோளாறுகள்

ஒரு வலயம் நிற்கவே மாட்டேன் என்கிறது: கன்ட்ரோலரின் மின்சாரத்தை எடுங்கள். தண்ணீர் நின்றால் பிழை பெட்டியில். தொடர்ந்து ஓடினால் வால்வில். மூடியைத் திறந்து டயபிரத்தின் அடியில் மணல் இருக்கிறதா பாருங்கள், பம்புக்குப் பிறகு வடிகட்டி ஒன்றும் போடுங்கள்.

எந்த வலயமும் ஓடவில்லை, திரை மட்டும் எரிகிறது: மழை சென்சர் இன்னும் ஈரமாக இருக்கலாம், அல்லது பொது வயர் அறுந்திருக்கலாம். சென்சர் பைபாஸ் சுவிட்சைப் போட்டால் எது என்று உடனே தெரியும்.

செயலி “ஓடியது” என்கிறது, புல் காய்ந்திருக்கிறது: பெட்டி 24 வோல்ற் அனுப்பியதை மட்டுமே அறியும். ட்ரிப் சுவிட்ச் விழுந்து பம்ப் நின்றதோ தாங்கி வறண்டதோ ஓட்ட மானி இல்லாமல் அதற்குத் தெரியாது.

வால்வுப் பெட்டிக்குள் தண்ணீர் தேங்குகிறது: அடியில் 10 செ.மீ. சரளை போட்டு, மூடி இறுக மூடுகிறதா பாருங்கள். மழைக்காலத்தில் கன்ட்ரோலர் அணைந்திருந்தாலும் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். புழு நெளிந்தால் தண்ணீரை அகப்பையால் அள்ளி வெயில்படும் வெறுந்தரையில் ஊற்றுங்கள், கானுக்குள் ஊற்றாதீர்கள்.